எங்க வீட்டுக்காரருக்கு மூலம்

பணி ஓய்வு பெறும் வரைக்கும் நான் உயிரியல் டீச்சர். ஜீரண மண்டலத்தை எத்தனை செட் பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று ஸ்கேலால் சார்ட்டைத் தட்டிக்கொண்டே வருவேன். மலக்குடல் வந்ததும் ஸ்கேல் நின்றுவிடும். அதற்குக் கீழே போனால் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். "மிச்சத்தை நீங்களே படிச்சுக்கோங்க" என்று சார்ட்டைச் சுருட்டிவிடுவேன். பிள்ளைகள் படித்தார்களோ என்னவோ, நான் படிக்கவில்லை.

நடத்தாத பகுதியிலிருந்துதான் கேள்வி வரும் என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைப் பயமுறுத்துவேன். எனக்கு வந்தது.

காலையில் டாய்லெட்டில் ரத்தம். நாலைந்து சொட்டு. பார்த்தேன், ஃப்ளஷ் பண்ணினேன், காபி போடப் போய்விட்டேன். கண்ணை மூடிக்கொண்டால் இல்லை என்றாகிவிடும் என்பது என் கட்சியின் கொள்கை. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், உங்களில் பாதிப் பேர் அந்தக் கட்சியின் ஆயுள் உறுப்பினர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நம் ஊரில் கீழே ரத்தம் வந்தால் அதற்கு டாக்டர் எதற்கு? பஸ் ஸ்டாண்ட் சுவரே சொல்லிவிடும். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம், தொடர்புக்கு செல் நம்பர். நான் எம்.எஸ்சி. படித்தவள், சுவரை நம்புவேனா? பக்கத்து வீட்டு அக்காவை நம்பினேன். அதுவும் என் தோழி ஒருத்திக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். "எல்லாம் சூடுதான் டீச்சர்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

உடனே வைத்தியம் தொடங்கிவிட்டது. வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம். மதியம் இளநீர். செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினேன். கருணைக்கிழங்கு லேகியம், பிரண்டைத் துவையல். உடம்பு நன்றாகக் குளிர்ந்து ஜலதோஷம் பிடித்தது. ரத்தம் மட்டும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அடுத்த கட்டம் ஆயின்ட்மென்ட். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்காரன் என்னிடம் படித்தவன், கடைசி பெஞ்ச். நான் ஸ்கேலை நிறுத்தும்போதெல்லாம் முதலில் சிரித்தவன் அவன்தான். அவனிடம் போய் என்னவென்று கேட்பது? "சாருக்குப்பா" என்றது வாய், என்னைக் கேட்காமலே. "ஐயோ, சாருக்கா?" என்று பதறி, டியூபை நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொடுத்தான். ரகசியம் காப்பாற்றப்பட்டது, என்னுடையது.

எங்க வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாவம், ஒன்றும் அறியாதவர். வாக்கிங் போகிற இடத்தில் ஒருவர் "சார், ரொம்ப நேரம் உட்காராதீங்க" என்றாராம். இன்னொருவர் வீட்டுத் தோட்டத்தில் இருந்து துத்தி இலையைப் பறித்துப் பையில் போட்டுக் கொடுத்தாராம். கோயில் குருக்கள் வெண்பொங்கலை நீட்டும்போது, "மிளகு ஜாஸ்தி, பாத்துச் சாப்பிடுங்கோ" என்றாராம். "ஊரே நம்ம மேல எவ்வளவு பாசமா இருக்கு பாரு டீச்சர்" என்று பூரித்துப்போனார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் தனியாக வரவில்லை. கூடவே அரிப்பு வந்தது, சோப்பு மாற்றியதால் என்று முடிவு செய்தேன். கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது, மூல முளை. உள்ளாடையில் ஈரக் கசிவு, வயசு. போய்விட்டு வந்தாலும் முழுசாகப் போகாத உணர்வு, நார்ச்சத்து போதவில்லை. உட்கார்ந்தால் வலி, நாற்காலி பழசாகிவிட்டது. ஆசனவாய்ப் புற்றுநோயின் அறிகுறிகள் என்று எந்த மருத்துவப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தப் பட்டியல்தான் இருக்கும். நான் நாற்காலியை மாற்றினேன், எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில்.

டாக்டரிடமே போகவில்லை என்று சொல்ல மாட்டேன். வழக்கமாகக் காய்ச்சலுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். "மூலம் டாக்டர்" என்றேன். "படுங்கம்மா, பார்த்துடலாம்" என்றார். "வேண்டாம் டாக்டர், எனக்கே தெரியும்" என்றேன். பின்னால் க்யூ நீளம். அவர் மூலத்துக்கு எழுதிக் கொடுத்தார். என் தீர்ப்பில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஃபீஸும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொங்கல் லீவுக்கு மகள் வந்தாள். பாத்ரூம் அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விதவிதமான டியூப், லேகிய டப்பா, இசப்கோல் பாக்கெட். ஹாலுக்கு வந்து, "என்னப்பா, எத்தனை நாளா இது? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். "எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு எதுக்கு எல்லாரும் துத்தி இலை குடுத்தாங்க?" இரண்டு பேரும் மெல்ல என் பக்கம் திரும்பினார்கள். மாட்டிக்கொண்டால் அழுதுவிடுவது என் வழக்கம். இந்த முறை அது எடுபடவில்லை.

மறுநாளே ஒரு லேடி சர்ஜன் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள் மகள். இத்தனை மாதம் நான் பயந்த பரிசோதனை இதுதான்: இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்க வேண்டும். மேலே ஒரு போர்வை. டாக்டர் கையுறை போட்டு, மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவி, "மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா" என்று ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு கட்டை விரல் தடிமனில் சின்னக் குழாய், விளக்கோடு. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அவ்வளவுதான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசத்தைத் தொடங்கினேன். இரண்டாம் வரிக்கு வருவதற்குள் "எழுந்திருங்கம்மா" என்றார்.

"இது மூலம் மாதிரி தெரியலை. ஒரு சின்னத் துண்டு எடுத்து அனுப்பிப் பார்ப்போம்" என்றார். "இல்லை டாக்டர், மூலம்தான்" என்றேன். பாருங்கள், பழக்க தோஷம்.

பயாப்ஸி ரிசல்ட் வந்தது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தமிழில் செதிள் செல் புற்றுநோய். செதிள் எபிதீலியம் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் படத்தோடு பதில் எழுதச் சொல்லிப் பிள்ளைகள் உயிரை வாங்கியவள் நான். ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

நான் நடத்தாமல் விட்ட பாடத்தை சர்ஜன் ஒரு பேப்பரில் படம் போட்டு நடத்தினார். ஆசனவாய்க் குழாயின் நடுவில் பல் பல்லாக ஒரு கோடு ஓடுகிறது. மதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவே ரோட்டில் மாவட்ட எல்லைப் பலகை இருக்குமே, அந்த மாதிரி. கோட்டுக்கு மேலே குடலின் நிர்வாகம். அங்கே சளி சுரக்கும் செல்கள், வெட்டினாலும் குத்தினாலும் வலி பெரிதாகத் தெரியாது. உள்மூலம் வலிக்காமல் ரத்தம் மட்டும் விடுவது அதனால்தான். கோட்டுக்குக் கீழே தோலின் நிர்வாகம். அங்கே செதிள் செல்கள், சின்ன வெடிப்பு விழுந்தாலும் உயிர் போய்விடும். எல்லை என்று இருந்தால் தகராறும் அங்கேதானே?

இந்த இடத்தில் வரும் புற்றுநோயில் பத்துக்கு எட்டு, ஒன்பது நான் வாங்கிய செதிள் செல் வகைதான். சுரப்பிகளில் கிளம்புவது அடினோகார்சினோமா. அதை மலக்குடல் புற்றுநோயின் கணக்கில் சேர்த்து, பெரும்பாலும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோவார்கள். மெலனோமா என்று ஒன்று, ரொம்ப அபூர்வம். கறுப்பாக இருந்தால்கூட மூலம் என்றே நினைத்துவிடுவார்களாம். வெளித்தோலில் பேசல் செல் என்று ஒரு வகை வரும், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. செதிள் செல் வகை வருவதற்கு முன்னாலேயே செல்கள் கெட்டுப்போகத் தொடங்கும் நிலையும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்த நிலையிலேயே சிகிச்சை கொடுத்தால், புற்றுநோயாக மாறுவது பாதிக்கு மேல் குறைகிறது என்று 2022-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நிரூபித்திருக்கிறது. நான் அவ்வளவு நுணுக்கமான நிலையில் எல்லாம் போய்ச் சேரவில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்த்துக்கொண்டுதான் போனேன்.

"அப்ப மூலம் முத்திப்போய்தான் இப்படி ஆச்சா டாக்டர்?" என்று கேட்டேன். இல்லையாம். மூலம் மூலம்தான், அது புற்றுநோயாக மாறுவதில்லை. மிளகாயும் காரணமில்லை, சூடும் காரணமில்லை. நான் மாதக்கணக்கில் குடித்த வெந்தயத் தண்ணீர் முழுக்க வீண்.

பின்னே காரணம் என்ன? அங்கேதான் குடும்பத்தில் குழப்பம் வந்தது. இந்தப் புற்றுநோயில் சுமார் 90 சதவீதத்துக்குப் பின்னால் எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறது, அதிலும் முக்கியமாக 16-ஆம் நம்பர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ். அதைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மானியருக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எனக்கு நோபல் பரிசு காதில் விழவில்லை. "உடலுறவு மூலமாகப் பரவும்" என்பது மட்டும்தான் விழுந்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் கோர்ட் கூடியது. "கல்யாணத்துக்கு முன்னாடி ஈரோட்டில ரூம் எடுத்துத் தங்கியிருந்தீங்களே, அப்ப என்ன நடந்துச்சு?" என்று குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "மெஸ்ஸில அக்கவுன்ட் பாக்கி வச்சுட்டு வந்துட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். ஆளைத் திருத்தவே முடியாது.

அடுத்த முறை போனபோது தீர்ப்பை டாக்டரே சொல்லிவிட்டார். குடும்ப வாழ்க்கை நடத்துகிற பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் வந்துபோகும். முக்கால்வாசிப் பேருக்கு ஓரிரு வருஷத்தில் உடம்பே துரத்திவிடும். சிலருக்குப் பதுங்கிக் கிடந்து பல வருஷம் கழித்து வேலையைக் காட்டும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. பின்பக்க உறவு வைத்துக்கொள்பவர்களுக்கு ஆபத்து அதிகம்தான், ஆனால் அது இல்லாதவர்களுக்கும் வரும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், முன்பே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தி வருது" என்றும் சொன்னார். எங்க வீட்டுக்காரர் விடுதலையானார். மன்னிப்பு கேட்டேனா என்று கேட்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்தது. அதில் எச்.ஐ.வி. டெஸ்ட்டும் ஒன்று. கையெழுத்து கேட்டு பேப்பரை நீட்டிய நர்ஸிடம், "நான் டீச்சர்மா!" என்றேன். "எல்லாருக்கும் எடுப்போம் டீச்சர்" என்று சிரித்தாள் அந்தப் பெண். எய்ட்ஸ் தினத்துக்கு ஊர்வலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோஷம் போட்டவள் பேசுகிற பேச்சா அது?

நோய் அந்த இடத்தோடு நின்றிருந்தது, தொடையிடுக்கில் நெறி இல்லை. "வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்று தைரியமாகச் சொன்னேன். மூலத்துக்கே ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடியவளுக்கு இப்போது கத்திமேல் அவ்வளவு ஆசை. "இதுக்குக் கத்தி முதல் வைத்தியம் இல்லைம்மா" என்றார். தைரியம் வந்த நேரம் பார்த்தீர்களா!

ஒரு காலத்தில் கத்திதான் இருந்தது. 1908-இல் மைல்ஸ் என்ற ஆங்கிலேய சர்ஜன் விவரித்த ஆபரேஷன். ஆசனவாயையும் மலக்குடலையும் முழுசாக எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுக் குடலை வெளியே கொண்டுவந்து, ஆயுளுக்கும் பை மாட்டிவிடுவார்கள். 1974-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நார்மன் நிக்ரோ என்ற சர்ஜன், ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்கலாமே என்று கீமோவையும் ரேடியேஷனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். முதலில் மூன்றே பேர். இரண்டு பேருக்கு ஆபரேஷன் செய்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புற்றுநோயே இல்லை. மூன்றாவது ஆள் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, அவருக்கும் நோய் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த நோய்க்குக் கத்தி பின்னுக்குப் போனது.

எனக்கு அந்த மூன்றாவது ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பாத்தீங்களா டாக்டர், பிடிவாதம் பிடிச்சவங்கதான் ஜெயிச்சிருக்காங்க" என்றேன். "அவர் ட்ரீட்மென்ட் எடுத்த பிறகு பிடிவாதம் பிடிச்சார். நீங்க எடுக்கறதுக்கு முன்னாடி பிடிச்சீங்க" என்றார். அதற்கு மேல் நான் உதாரணம் எதுவும் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் ரேடியேஷன் என்று சொல்ல மாட்டோம், கரண்ட் வைக்கிறது என்போம். வாழ்நாளெல்லாம் கரண்ட் வேலை பார்த்த எங்க வீட்டுக்காரருக்கு அங்கே போனதும் தெம்பு வந்துவிட்டது. "எத்தனை வோல்ட் தம்பி?" என்று டெக்னீஷியனைக் கேட்டார். "ஆறு மில்லியன் சார்" என்றான் பையன். அறுபது லட்சம். டிரான்ஸ்ஃபார்மர் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

மிஷின் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் குறிபார்க்க வேண்டும் என்பதற்காக, இடுப்பில் சின்னச் சின்னப் புள்ளியாகப் பச்சை குத்தினார்கள். கையில் பட்டாம்பூச்சி டாட்டூவோடு வந்த பிளஸ் டூ பெண்ணை வெளியே நிற்க வைத்து, அம்மாவை அழைத்துவரச் சொன்னவள் நான். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவளுடையதாவது பட்டாம்பூச்சி.

இந்த வைத்தியத்தில் சனி, ஞாயிறு தவிர தினமும் கரண்ட், ஐந்தாறு வாரத்துக்கு. கூடவே கீமோ. முதல் நாள் மைட்டோமைசின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள், பளபளவென்று கத்தரிப்பூ நிறம். கரண்ட் வைக்கிற நாட்களில் காலையும் மாலையும் கேப்சைட்டபின் மாத்திரை. சில இடங்களில் மாத்திரைக்குப் பதிலாக ஃபைவ் எஃப்யூ என்ற மருந்தை நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை ஒன்று பீரோவில் இருக்கிறது. அதை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மேஜையில் படுத்தால் சில நிமிஷம்தான், ஒன்றுமே தெரியாது. கஷ்டம் அதற்கு முன்னால்தான். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் கொஞ்சம் மேலே விலகி நிற்கும், கதிர் அதிகம் படாது. அதனால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மிஷின் லேட் ஆகிற நாளில் வராண்டாவில் நாங்கள் எல்லாரும் காலைப் பின்னிக்கொண்டு, யாரும் யாரையும் சிரிக்க வைக்காமல் உட்கார்ந்திருப்போம். "பாத்ரூம் போகணும் டீச்சர்" என்று கெஞ்சிய பிள்ளைகளிடம் "பெல் அடிக்கட்டும்" என்று சொன்ன பாவமெல்லாம் அங்கே கழிந்தது.

அப்படிக் காத்திருக்கும்போது செல்போனில் துணைக்கு ஆள் தேடினேன். ஃபாரா ஃபாசெட் என்ற ஹாலிவுட் நடிகைக்கு 2006-இல் இதே நோய். அதை மறைக்காமல் டாக்குமென்டரி எடுத்துக் காட்டினார். 2009 ஜூன் 25-ஆம் தேதி காலையில் இறந்தார். அன்றைக்கே மதியம் மைக்கேல் ஜாக்சனும் இறந்ததில், உலகம் இவரைக் கவனிக்கவில்லை. மார்சியா க்ராஸ் என்ற நடிகைக்கு 2017-இல் வந்தது. வழக்கமான செக்கப்பில் லேடி டாக்டர் விரலை விட்டுப் பார்த்ததில்தான் தெரிந்ததாம். குணமாகி, வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை என்று டி.வி.யில் பேசினார். அவர் டி.வி.யில் சொன்னதை நான் மெடிக்கல் ஷாப்பில் சொல்லியிருக்கலாம்.

வெட்கம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கம்தான் அவரை அந்த வேலைக்குத் தள்ளியது. அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டிக்கு நான் எழுதிக் கொடுத்து ஒரு பெண் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். "தங்கை கொடிய நோயால் மறைந்தார்" என்றுதான் எழுதிக் கொடுத்தேன். எந்த இடத்து நோய் என்பதை விட்டுவிட்டேன், மேடை நாகரிகம் கருதி.

மூன்றாவது வாரத்துக்கு மேல் கரண்ட் தன் வேலையைக் காட்டியது. தொடையிடுக்கிலும் கீழேயும் தோல் சிவந்து, கன்றி, உரிந்தது. வயிற்றுப்போக்கு. ரத்த அணுக்கள் குறைந்து ஒரு முறை மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். தளர்வான பருத்தி நைட்டி, வெந்நீர் டப்பில் உட்காருவது, தயிர்ச்சாதம், மேலே ஃபேன், இதுதான் உலகம். இந்த இடத்தில் நகைச்சுவையாக எழுத ஏதாவது கிடைக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை, வலித்தது.

டப்பில் வெந்நீர் ஊற்றிச் சூடு பார்த்து வைப்பது எங்க வீட்டுக்காரரின் டியூட்டி. மருந்து வாங்க அவர்தான் கடைக்குப் போவார். பழைய மாணவன் ஒரு நாள் அவரைப் பார்த்து, "என்ன சார், இன்னுமா சரியாகலை?" என்று வருத்தப்பட்டானாம். "ஆமாப்பா, கொஞ்சம் பழசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவரோ, "இவ்வளவு நாள் கழிச்சு மாத்திச் சொன்னா யாரு நம்புவா?" என்றார்.

கரண்ட் முடிந்த மறுவாரமே ரிசல்ட் கேட்டு நின்றேன். பரீட்சை முடிந்தால் மார்க் வர வேண்டும் இல்லையா? இதில் அப்படி இல்லை. கதிர் பட்ட செல்கள் சாவதற்கு நாளாகும். சிகிச்சை தொடங்கியதில் இருந்து 26 வாரம் வரைக்கும் பொறுமையாகக் கவனிக்கலாம், மூன்றாம் மாதத்தில் கட்டி தெரிந்த பலருக்கு ஆறாம் மாதத்தில் காணாமல் போயிருக்கிறது என்று இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு சொல்கிறது. அவசரப்பட்டுக் கத்தியை எடுத்தால் அநியாயமாகப் பையோடு அனுப்ப வேண்டிவரும். வியாதியை வைத்துக்கொண்டு காத்திருந்தபோது எனக்குப் பொறுமைக்குக் குறைவே இல்லை. குணமாவதற்குக் காத்திருக்கச் சொன்னால்தான் தாங்கவில்லை.

எனக்குக் கரைந்துவிட்டது. கரையாதவர்களுக்கும் திரும்ப வருகிறவர்களுக்கும் மைல்ஸின் ஆபரேஷன் இருக்கிறது. வராண்டாவில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இப்போது பை இருக்கிறது. புடவைக்குள் வெளியே தெரியாது. பழனிக்குப் போகிறார், கல்யாணத்துக்குப் போகிறார், பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்கிறார். எனக்குப் பை இல்லை, ஆனால் வெளியே கிளம்பினால் டாய்லெட் எங்கே என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். கதிரால் பெண்ணுறுப்பும் இறுகிப்போகும் என்று அதற்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அதை இங்கே விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாருங்கள், ஸ்கேல் மறுபடியும் நின்றுவிட்டது.

சில மாதத்துக்கு ஒரு முறை செக்கப். அதே இடது பக்கம், அதே போர்வை, அதே விரல். இப்போது டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே ஒருக்களித்துப் படுத்துவிடுகிறேன். போன தடவை அப்படிப் படுத்தபோது, "டீச்சர், இன்னைக்கு பி.பி. மட்டும்தான்" என்றார் நர்ஸ்.

மகள் தன் பையனுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப் போவதாகச் சொன்னாள். "பையனுக்கு எதுக்குடி கர்ப்பப்பை ஊசி?" என்று கேட்டேன். இத்தனைக்கும் பிறகு, எம்.எஸ்சி. உயிரியல் கேட்ட கேள்வி இது. ஊசி கர்ப்பப்பைக்கு இல்லை, வைரஸுக்கு. அந்த வைரஸ் தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆண்களுக்கும் புற்றுநோயைக் கொண்டுவரும். புனேயில் தயாராகிற செர்வாவேக் 2023-இல் இருந்து கிடைக்கிறது. 9 வயதில் இருந்து 26 வயது வரை பெண்களுக்கும் ஆண்களுக்கும் போடலாம். 9 முதல் 14 வயது என்றால் இரண்டு ஊசி, அதற்கு மேல் மூன்று. பேரன் ஒரு ஊசிக்கே என்னைவிட அதிகமாக அழுதான், அதிலாவது ஜெயித்தேன்.

என் கதை இவ்வளவுதான், இனி உங்கள் முறை. கீழே ரத்தமோ, கட்டியோ, விடாத அரிப்போ, கசிவோ இருந்தால் ஒரு சர்ஜனிடம் போங்கள். பார்க்கிறேன் என்றால் மறுக்காமல் படுங்கள். பார்க்காமலே மருந்து எழுதினால், "ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். அந்த இடத்தோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால், ஐந்து வருஷம் கழித்தும் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறது அமெரிக்கக் கணக்கு. பெரும்பாலும் உங்களுக்கு மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். அப்படி என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்து நிம்மதியாக லேகியம் சாப்பிடுங்கள்.